திருகாணி டப்பாவில் சுடுசோறு

என் மகள் மதியச் சாப்பாட்டை எதில் கொண்டுபோகிறாள் என்று அந்த டாக்டரம்மா கேட்டபோது, அதை ஒரு கேள்வியாகவே நான் எடுத்துக்கொள்ளவில்லை. அதற்கு முன் நிறையக் கேட்டிருந்தார். எத்தனை மணிக்குத் தூங்குகிறாள், எத்தனை மணிக்கு எழுகிறாள், பள்ளியில் விளையாட விடுகிறார்களா, மாதவிலக்கு எப்போது தொடங்கியது, வீட்டில் வேறு யாருக்காவது உடம்பு பருமனா. தைராய்டுப் பரிசோதனையில் ஒன்றுமில்லை. சர்க்கரை எல்லைக்கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது. பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு அது நல்லதல்ல என்று இரண்டு முறை சொன்னார். மகள் எனக்கும் என் மனைவிக்கும் நடுவில் உட்கார்ந்து துப்பட்டா நுனியைச் சுருட்டுவதும் விடுவதுமாக இருந்தாள்.

டாக்டரம்மா கன்னடத்தில்தான் கேட்டார். என் மனைவிக்கு ஹனூர்ப் பக்கம். தமிழும் கன்னடமும் ஒரே வாயில் வரும். எனக்கு முந்திக்கொண்டு அவள் பதில் சொன்னாள்.

"பிளாஸ்டிக் டப்பாதாங்க மேடம். ஆனா கடையில வாங்கறதில்ல. இவர் வேலை பாக்கற கம்பெனியிலயே செய்யறது. எங்க வீட்டுல எல்லாமே அந்த டப்பாதான்."

சொன்னபோது அவள் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார்.

"சாப்பாடு வைக்கிற தரம்தானே?"

"ஆமா மேடம்," என்றேன்.

யோசிக்கவே இல்லை. ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறேன். ஆய்வுக்கு வருகிறவர்கள் இதே தொனியில் கேட்பார்கள், நானும் இதே தொனியில் ஆமா என்பேன். வாய்க்குப் பழகிவிட்டது.

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பொறுமையாக விளக்கினார். பிளாஸ்டிக்கை வளைய வைக்கவும் இறுக வைக்கவும் சேர்க்கிற ரசாயனங்களில் சில, உடம்புக்குள் போனால் ஹார்மோன் போலவே நடிக்கின்றன. கொழுப்பைச் சேர்த்து வை, பசி எடு, போதும் நிறுத்து என்று உடம்பு தனக்குத்தானே அனுப்பிக்கொள்ளும் சேதிகளில் அவை குறுக்கே புகுந்துவிடலாம். குழந்தைகளின் எடைக்கும் இவற்றுக்கும் தொடர்பிருப்பதாக ஆராய்ச்சிகள் சொல்கின்றன. ஆனால் ஒரு குழந்தையை உட்காரவைத்து, இவளுக்கு இதனால்தான் என்று யாராலும் கைகாட்ட முடியாது. சூடாக இருப்பது, எண்ணெய் மிதப்பது, புளிப்பாக இருப்பது, இந்த மூன்றையும் பிளாஸ்டிக்கில் வைக்காமல் இருந்தால் நல்லது. சாப்பாட்டு அளவு, நடை, தூக்கம் இவைதான் முதலில். இது கூடுதல் ஜாக்கிரதை, அவ்வளவுதான்.

தலையாட்டினேன். படியிறங்கி ஸ்கூட்டரை எடுக்கும்போதுதான் நான் சொன்ன அந்த 'ஆமா' எனக்கே திரும்பக் கேட்டது.

அந்த டப்பாக்கள் வீட்டுக்கு வந்த கதையைச் சொல்ல வேண்டும்.

எங்கள் தொழிற்சாலையில் பெயின்ட் வாளி, கிரீஸ் டப்பா, மூடிகள் என்று பலதும் வார்ப்போம். ஒரு மெஷினில் வெள்ளை ஓடி முடிந்து நீலம் ஏற்றினால், உள்ளே தங்கியிருக்கும் வெள்ளை முழுக்க வெளியேறும்வரை விழுகிற நாற்பது ஐம்பது டப்பாக்கள் கலப்பு நிறத்தில் வரும். நீலத்துக்குள் வெள்ளைப் புகை சுழன்றது போல, சிவப்புக்குள் மஞ்சள் வழிந்தது போல. ஒன்று போல இன்னொன்று இருக்காது. வாடிக்கையாளருக்கு அனுப்ப முடியாது. அரைத்து மறுபடி கலக்க வேண்டியதுதான். ஆனால் ஆயுதபூஜைக்கு முதல் நாள், மெஷின்களைக் கழுவித் துடைக்கும்போது, அதுவரை சேர்ந்த கலப்பு நிற டப்பாக்களைத் தரையில் கொட்டி, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவது எங்கள் கம்பெனி வழக்கம். மேற்பார்வையாளர்கள் முதலில் பொறுக்குவார்கள், பிறகு மற்றவர்கள். பொரியும் சுண்டலும் வாங்கிக்கொள்வது போலத்தான் அதுவும்.

நான் பொறுக்கியவை சதுரமான, இறுகப் பூட்டும் மூடி கொண்ட ஒரு வகை டப்பாக்கள். ஓர் இனிப்புக் கடைக்காகச் செய்த அச்சில் வார்த்தவை. சான்றிதழோடு வரும் புதுப் பிளாஸ்டிக் குருணை, உணவுக்கான தரம், கலப்படம் எதுவும் கிடையாது. அப்போது மகளுக்கு ஐந்து வயது. முதல் வருடம் ஒரு சாக்கு நிறையக் கொண்டுவந்து கூடத்தில் கொட்டினேன். அவள் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, இது மழை, இது தக்காளிச் சாறு, இது மயில் என்று பெயர் வைத்தாள். அன்றிலிருந்து அவள் பள்ளிச் சாப்பாடு அதில்தான். காலை ஆறரைக்கு அடுப்பிலிருந்து இறக்கிய சோறு, புளிக்காய்ச்சலோ சாம்பாரோ பிசைந்தது, ஆவி பறக்கப் பறக்க அடைத்து மூடிவிடுவாள் என் மனைவி. வேன் ஏழேகாலுக்கு. ஆறவைக்க நேரம் ஏது? மதியம் திறக்கும்போது மூடியின் உள்பக்கம் தண்ணீர் கோத்திருக்கும் என்று மகள் சொல்வாள். ஊறுகாய், எண்ணெயில் வதக்கிய தொக்கு, உறை ஊற்றிய தயிர் எல்லாம் அதே வகை டப்பாக்களில்தான்.

இதில் தவறு ஒன்றுமில்லை என்றுதான் அன்றைய சாயங்காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் சமையலறை அலமாரியைப் பார்த்துக்கொண்டு நின்றபோது ஒரு கணக்கு இடித்தது. இனிப்புக் கடைக்காரர்கள் அட்டைப் பெட்டிக்கு மாறி வெகுநாள் ஆகிறது. அவர்கள் போன பிறகும் நான் ஒவ்வோர் ஆயுதபூஜைக்கும் இதே டப்பாக்களைக் கொண்டுவந்துகொண்டுதான் இருந்தேன். அப்படியானால் அந்த அச்சு யாருக்காக ஓடுகிறது?

யாருக்காக என்று எனக்குத் தெரியும். தெரியாததுபோல ஓர் இரவு முழுக்க இருந்தேன்.

மறுநாள் காலை அலுவலகத்தில் அந்த அச்சுக்கான கோப்பைத் தேடி எடுத்தேன். திருகாணி, நட்டு, ஆணி விற்கிற ஒரு கம்பெனிக்கு அதே அச்சு மாற்றித் தரப்பட்டிருந்தது. அச்சு அதேதான், டப்பாவின் உருவமும் அதேதான், உள்ளே போகிற சரக்குதான் வேறு. கனமான ஆணிகளோடு கீழே விழுந்தாலும் உடையக் கூடாது என்று கேட்டிருந்தார்கள். அதற்காக உடையாமல் தாங்கவைக்கும் ஒரு ரசாயனத்தையும், செலவைக் குறைக்க வெளியிலிருந்து வாங்கிய பழைய பிளாஸ்டிக் அரைவையைப் பாதிக்குமேலும் கலப்பது என்று முடிவாகியிருந்தது. பொருள் மாற்றத்துக்கான ஒப்புதல் தாளில் மூன்று கையெழுத்துகள். மூன்றாவது என்னுடையது. அதற்கடுத்த தாளில் அட்டைப்பெட்டிகளின் மேல் ஒட்டும் சீட்டின் மாதிரி இருந்தது. 'உணவுப் பொருள்கள் வைக்க அல்ல' என்று கன்னடத்திலும் ஆங்கிலத்திலும். எழுத்து சிறிதாக இருக்கிறது, பெரிதாக்கவும் என்று பென்சிலால் நான்தான் ஓரத்தில் எழுதியிருந்தேன்.

அந்தக் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. நான் கவனமில்லாதவன் அல்ல. கவனமே என் வேலை. அந்தச் சீட்டை அட்டைப்பெட்டியின்மேல் ஒட்டவைத்தேன். வீட்டுக்குக் கொண்டுபோன டப்பாக்கள் தரையில் கொட்டியவை, அட்டைப்பெட்டியில் வராதவை, சீட்டு இல்லாதவை. தொழிற்சாலையில் இருக்கும்வரை அது ஆணிப் பெட்டி. என் பைக்குள் போனதும் எங்கள் வீட்டு டப்பா. இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு எங்கே விழுந்தது என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

மூலப்பொருள் கிடங்கைப் பார்த்துக்கொள்கிறவர் எனக்கு முன்னாலிருந்தே அங்கே இருப்பவர். அவரும் தமிழர்தான். கொள்ளேகால் பக்கம். மதியம் அவரிடம் போனேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அந்தத் திருகாணி டப்பா அரைவையில என்னென்னங்க வருது?"

"என்ன வராதுன்னு கேளுங்க சார். பழைய நாற்காலி, ஒடைஞ்ச வாளி, பேட்டரிக் கூடு, பைப்பு. ஒருக்கா பொம்மைக் கண்ணு ஒண்ணு அப்படியே முழிச்சுப் பாத்துச்சு."

"தரம் பிரிச்சு வர்றதில்லையா?"

"பிரிக்கறாங்களாமா. ஆணிக்கு என்னங்க சார், அது என்ன வவுத்த வலின்னு அழுவுமா?" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே கையிலிருந்த டப்பாவிலிருந்து இன்னொரு வாய் ராகிக் களியைக் கிள்ளி எடுத்தார். பச்சையும் வெள்ளையும் சுழன்ற டப்பா.

நான் அதையே பார்ப்பதைப் பார்த்து அவரும் குனிந்து பார்த்தார். மெல்லுவது நின்றது.

"சார், இதுவா?"

"இதுதாங்க."

டப்பாவைத் தூக்கி அதன் அடியைப் பார்த்தார். பிறகு, "எனக்கு அம்பத்தஞ்சு ஆச்சு, இனிமே கெட்டா என்ன கெடாட்டி என்ன," என்று மறுபடி கையை உள்ளே விட்டார். ஆனால் பாதியிலேயே மூடிவைத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் வீட்டில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்றால், அந்த ஒரு வருடத்தில் நான் மகளிடம் நடந்துகொண்ட விதம் அப்படி.

அவளுக்கு எடை ஏறத் தொடங்கியதிலிருந்து வீட்டில் வேறு பேச்சில்லாமல் போயிருந்தது. காலை ஐந்தரைக்கு எழுப்பி விஜயநகரில் எங்கள் தெருக்கோடிப் பூங்காவில் ஆறு சுற்று நடக்கவைத்தேன். நான் முன்னால், அவள் பின்னால். ஓய்வுபெற்ற பெரியவர்கள், "நல்ல காரியம், நடக்கட்டும் நடக்கட்டும்" என்று அவளைப் பார்த்தே சொல்வார்கள். சப்பாத்தி இரண்டு, அதற்குமேல் கேட்டால் வெள்ளரிக்காய். பிஸ்கட்டைத் துணி அலமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். பள்ளியில் அவளை 'டும்மி' என்று கூப்பிடுகிறார்கள் என்று ஒருநாள் அழுதுகொண்டு வந்தாள். குண்டுப் பெண் என்று கன்னடத்தில் கேலி. அப்போதுகூட நான் சொன்னது, "அவங்க வாயை மூட முடியாது கண்ணு, நம்ம வாயைத்தான் மூட முடியும்." சொல்லி முடித்ததும் நல்ல வாக்கியம் சொல்லிவிட்டதாக ஒரு நிறைவுகூட இருந்தது எனக்கு. கொள்ளேகாலில் ஒரு கிருகப்பிரவேசத்தில் என் மனைவியின் அக்கா, பந்தியில் எல்லோருக்கும் கேட்க, "ஏண்டி, ரேசன் அரிசியெல்லாம் இவளுக்கே வடிச்சுப் போடறயா?" என்று கேட்டபோது நானும் மற்றவர்களோடு சேர்ந்து சிரித்தேன். மகள் எழுந்து கை கழுவப் போனாள். இலையில் பாயசம் தொடாமல் இருந்தது.

இவ்வளவையும் செய்துவிட்டு, இப்போது போய் நான் என்ன சொல்வது?

அதனால் நான் ஒரு குறுக்குவழி பார்த்தேன். எவர்சில்வர் டப்பா மூன்று வாங்கிவந்தேன். டாக்டரம்மா சொன்னாரே, சூடானதைப் பிளாஸ்டிக்கில் வைக்காதே என்று, அதனால் மாற்றிவிடுவோம் என்றேன். என் மனைவி சரி என்றாள். பழையவற்றை நான் மெதுவாக அப்புறப்படுத்திக்கொள்ளலாம், யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம் என்பது என் திட்டம்.

மகள் அந்த எவர்சில்வர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"சின்னதா இருக்கு."

"அதே அளவுதான் கண்ணு."

"இல்லப்பா, சின்னது. நங்கொத்து," என்றாள். எனக்குத் தெரியும் என்பதைக் கன்னடத்தில். கோபம் வந்தால் அவளுக்குக் கன்னடம் வந்துவிடும். "டாக்டர் டப்பாவை மாத்தச் சொன்னாங்கன்னு சொல்லிட்டு, சாப்பாட்டைக் கொறைக்கறீங்க. நேரா சொன்னா என்ன?"

"இது உன் நல்லதுக்குத்தான்."

"எல்லாமே என் நல்லதுக்குத்தான்."

எடுத்துப் போனாள். சாயங்காலம் பையிலிருந்து வெளியே வந்த டப்பா காலையில் போட்ட மாதிரியே இருந்தது. இரண்டாம் நாளும் அப்படியே. என் மனைவி பதறினாள். பள்ளியில் வயிற்றைப் பிரட்டியது, பசிக்கவில்லை என்று ஒவ்வொரு நாளும் ஒரு காரணம். நான்காம் நாள் பன்னிரண்டு மணிக்குப் பள்ளியிலிருந்து போன் வந்தது. உடற்பயிற்சி வகுப்பில் வெயிலில் நிற்கும்போது தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாளாம். எலுமிச்சைச் சாறு கொடுத்துப் படுக்கவைத்திருக்கிறார்கள், வந்து கூட்டிக்கொண்டு போங்கள்.

நோயாளி அறையில் ஒரு பெஞ்சில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். வகுப்பு ஆசிரியை என்னைத் தனியாக அழைத்து, தணிந்த குரலில், "வீட்டில் ரொம்பக் கெடுபிடியா சார்? மூணு நாளா டப்பாவைத் திறக்கவே இல்லையாம். குறைவா கொடுத்தா நான் சாப்பிடவே மாட்டேன்னு பக்கத்துப் பொண்ணுகிட்டச் சொல்லியிருக்கா," என்றார். அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. ஆனாலும் அவர் முகத்தைப் பார்க்காமல் மகளின் பையை எடுத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து அவளுக்கு மோர்சாதம் கொடுத்தோம். அவள் சாப்பிட்டு முடித்ததும், சமையலறை வாசலிலேயே நின்று சொல்லிவிட்டேன். ஒத்திகை பார்த்து வைத்திருந்தது எதுவும் வாயில் வரவில்லை. இந்த டப்பா எல்லாம் ஆணி வைக்கச் செய்தது, குப்பை பிளாஸ்டிக்கை அரைத்துச் செய்தது, சாப்பாடு வைக்கக் கூடாதது, எனக்கு அது தெரியும், என் கையெழுத்து அதில் இருக்கிறது, டாக்டரிடம் பொய் சொன்னேன். இப்படித்தான் துண்டு துண்டாக வந்தது.

என் மனைவி அடுப்பை அணைத்தாள்.

"எத்தனை வருசமா?"

"நாலு வருசம். அதுக்கு முன்ன வந்தது நல்லது. இப்ப எது எதுன்னு பிரிக்க முடியாது."

"நாலு வருசமா என் கையால, காலங்காத்தால எந்திரிச்சு..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். பிறகு வேறு கேள்வி கேட்டாள். "ஏனுங்க, டாக்டரம்மா கேட்டப்ப எதுக்குங்க ஆமான்னு தலையாட்டுனீங்க? தெரியாம எடுத்தாந்தது வேற. அங்க உக்காந்துட்டுச் சொன்னது வேறைங்க."

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அலமாரியைத் திறந்து டப்பாக்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைக்கத் தொடங்கினாள். பருப்பைக் கொட்டி, மிளகாயைக் கொட்டி, தொக்கைக் குப்பைத்தொட்டியில் வழித்துப்போட்டு. கோபமாகக்கூடச் செய்யவில்லை. அரிசியில் கல் பொறுக்குவது போலச் செய்துகொண்டிருந்தாள்.

மகள் சாப்பாட்டு மேசையிலிருந்து எழவில்லை.

"அப்போ நான் குண்டானதுக்கு என் மேல தப்பு இல்லயா?"

ஆமாம், உன் தப்பு இல்லை, எல்லாம் அந்த டப்பாவால்தான் என்று சொல்லிவிட எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா? அது அவளுக்கும் சுலபம், ஒரு விதத்தில் எனக்கும் சுலபம். தண்டனை முழுவதையும் வாங்கிக்கொண்டால் ஓர் இளைப்பாறல் கிடைத்துவிடும். ஆனால் டாக்டரம்மா அப்படிச் சொல்லவில்லை. அதன் பிறகு நான் தேடிப் படித்தவற்றிலும் அப்படி யாரும் சொல்லவில்லை. இருக்கலாம், தொடர்பு தெரிகிறது, இன்னும் பார்க்க வேண்டும் என்றுதான் எங்கும் இருந்தது. என் டப்பாவில் என்ன இருந்தது என்பதைக்கூட யாரும் சோதித்ததில்லை. ஆணிக்கு அது தேவையில்லையே.

"தெரியாது கண்ணு," என்றேன். "யாருக்குமே உறுதியாத் தெரியாது. அதுவும் ஒரு காரணமா இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்."

அவள் என்னை நேராகப் பார்த்தாள்.

"நான் திங்கறதாலதான்னு சொன்னப்ப மட்டும் உங்களுக்கு உறுதியாத் தெரிஞ்சுதா?"

என் மனைவியின் கை ஒரு கணம் நின்றது. பிறகு அடுத்த டப்பாவை எடுத்தாள்.

எனக்குத் தெரிந்த தரப் பரிசோதனை எல்லாவற்றிலும் ஒரு விதி உண்டு. கையில் கிடைத்த ஒரு குறையைப் பார்த்துக் காரணத்தை முடிவு செய்யாதே, பொருள், அச்சு, மெஷின், ஆள் என்று நான்கையும் பார்த்த பிறகு பேசு என்பது. புதிதாகச் சேருகிறவர்களுக்கு நானே இதைப் பாடமாக எடுக்கிறேன். என் சொந்தப் பெண் விஷயத்தில் முதல் நாளே குறையை ஆள்மீது எழுதிவிட்டேன்.

இதை அவளிடம் சொல்லவில்லை. "இல்ல, அப்பவும் தெரியாது," என்று மட்டும் சொன்னேன்.

"சரி," என்று எழுந்து போய்விட்டாள். அறைக் கதவைச் சாத்தவில்லை. சாத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது.

அடுத்த வாரம் முழுவதும் வீடு நடந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். எவர்சில்வர் டப்பாவையும் பழைய டப்பாவையும் தண்ணீர் ஊற்றி அளந்து காட்டினேன். இரண்டும் ஒரே கொள்ளளவு. அவள் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் பையில் வைத்துக்கொண்டாள். சாப்பிட்டுவிட்டு வந்தாள். பூங்காவுக்கு வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. தொழிற்சாலையில் நான் எழுத்தில் கேட்டுக்கொண்டதன் பேரில், கலப்பு நிற டப்பாக்கள் எல்லாம் இனி அரைவைக்கே போகும் என்று அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள். "சார் பொண்ணு கல்யாணத்துக்குச் சீர்வரிசை சேத்தாச்சு, இனி மத்தவங்களுக்குக் கெடையாது," என்று ஆபரேட்டர்கள் பேசிக்கொள்வது காதில் விழுந்தது. கிடங்குக்காரரிடமும் இன்னும் நான்கைந்து பேரிடமும் தனித்தனியாகப் போய்க் காரணத்தைச் சொன்னேன். சிலர் நம்பினார்கள். ஒருவர், "பால் பாக்கெட்டு, எண்ணெய் பாக்கெட்டு, தண்ணி கேன், எதைச் சார் விடறது?" என்று கேட்டார். அது நியாயமான கேள்வி. ரொம்பவும் களைப்பாக இருந்தது எனக்கு. எல்லாவற்றையும் தூக்கி எறிந்துவிட்டு வாழ முடியாது. ஆனாலும் தெரிந்த ஒன்றையாவது விட வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மறுபடி டாக்டரம்மாவிடம் போனபோது மனைவியால் வர முடியவில்லை. ஊரில் அவள் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை. மகளும் நானும் மட்டும். உட்கார்ந்ததுமே, "போன தடவை நான் உண்மையைச் சொல்லல மேடம்," என்று ஆரம்பித்துச் சொல்லிவிட்டேன். மகளுக்கு முன்னால். டாக்டரம்மா கேட்டுக்கொண்டார். திட்டவில்லை. மன்னித்தது போலவும் பேசவில்லை. தாளில் இரண்டு வரி எழுதினார். டப்பாவை மாற்றியதால் அடுத்த மாதம் எடை குறைந்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம், அப்படி நடக்காது, ஆனாலும் மாற்றியது சரியான காரியம் என்றார். பிறகு எடை பார்க்கும் மெஷினைக் காட்டினார்.

மகள் எழுந்திருக்கவில்லை.

"அப்பா வெளிய இருக்கட்டும் மேடம்," என்றாள் கன்னடத்தில்.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் எழுந்து வெளியே வந்தேன். கதவு சாத்தப்பட்டது. வராந்தாவில் ஒரு பெண்மணி மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு பிளாஸ்டிக் பாட்டிலில் பால் புகட்டிக்கொண்டிருந்தார். கண்ணை வேறு பக்கம் திருப்பினேன். உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டது, சொற்கள் கேட்கவில்லை. நான் இருந்தபோது அவள் இவ்வளவு பேசியதில்லை. இருபது நிமிடம் இருக்கும்.

வெளியே வந்தவள் எடை எவ்வளவு என்று சொல்லவில்லை. கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை. படி இறங்கும்போது, "பசிக்குதுப்பா," என்றாள்.

பக்கத்திலேயே ஒரு சின்ன ஓட்டல் இருந்தது. செட் தோசை கேட்டாள். மூன்று தோசை, தொட்டுக்கொள்ளக் காய்கறிச் சாகு, தேங்காய்ச் சட்னி. நான் காபி மட்டும் சொன்னேன். இரண்டாவது தோசை முடிந்து மூன்றாவதை அவள் பிய்த்தபோது என் கண் தன் போக்கில் தட்டுக்குப் போய்விட்டது. உடனே திருப்பிக்கொண்டேன். அவள் பார்த்துவிட்டாள்.

"எண்ணறீங்களாப்பா?"

இல்லையே என்று சொல்ல வாய் திறந்துவிட்டது. அந்த 'இல்லையே' நாக்கு நுனிவரை வந்து நின்றது. பழக்கம் அத்தனை சீக்கிரம் போகுமா?

"ஆமா," என்றேன். "எண்ணிட்டேன்."

அவள் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். படவில்லை. சிரிக்கவும் இல்லை. என் பக்கம் இருந்த சட்னிக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு மூன்றாவது தோசையைச் சாப்பிட்டாள்.